மானிய நிர்வாகச் சான்றிதழ்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு எதை எடுப்பது?

மானிய வேலை என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு தொழில்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனையிலோ ஆய்வு நிதியைக் கவனிப்பவர் ஒருவர். அறநிறுவனத்துக்கோ கலைக்குழுவுக்கோ விண்ணப்பம் எழுதி, பிறகு கணக்கும் காட்டுபவர் இன்னொருவர். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குத் திட்டம் வகுத்துத் தரும் ஆலோசகர் மூன்றாமவர். கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அதிகாரி நான்காமவர். நால்வரும் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்கச் சான்றிதழ்கள்தான். பெயரிலேயே ‘மானியம்’ என்று இருப்பதால் இதுதான் நமக்கானது என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பாடப் பட்டியலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வாஷிங்டன் விதிகள்.

சிங்கப்பூரில் மானியக் கோப்பைக் கையாள உரிமம் எதுவும் தேவையில்லை. சான்றிதழ் நிபந்தனையாகவே வரும் முக்கியமான இடம், நிறுவன மேம்பாட்டு மானியத்தில் நிர்வாக ஆலோசகரை அமர்த்தும்போது. அதைக் கீழே பார்ப்போம். மற்றவர்களுக்குச் சான்றிதழ் என்பது சம்பளத்துக்கும் அடுத்த வேலைக்கும் பயன்படும் ஒரு முதலீடு. முதலீடு என்றால் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். உங்கள் மேசைக்கு வரும் பணம் யாருடைய விதிகளுக்குக் கட்டுப்பட்டது? எடுத்த சான்றிதழை அடுத்த ஐந்தாண்டுகளுக்கு உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும்? தேர்வு எவ்வளவு கடினம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். இந்த இரண்டையும் பார்த்த பிறகு கவலைப்பட வேண்டியது அது.

சிஜிஎம்எஸ்: பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்தவில்லை

அமெரிக்காவின் தேசிய மானிய நிர்வாகச் சங்கம் வழங்குவது சிஜிஎம்எஸ். மானியத்தை அறிவிப்பதில் தொடங்கிக் கோப்பை மூடுவது வரையிலான முழுச் சுற்றையும் அந்தச் சங்கம் ஒரு பாடத்தொகுப்பாக வகுத்திருக்கிறது. அதன் முதுகெலும்பு, 2 சிஎஃப்ஆர் 200 எனப்படும் அமெரிக்கக் கூட்டரசின் விதித்தொகுப்பு. அது 2024 அக்டோபர் 1ஆம் தேதி முதல் பெரிய அளவில் மாறியது. அரசோடு பேரம் பேசி விகிதம் பெறாத அமைப்புகளுக்கான மறைமுகச் செலவு (அலுவலகம், மின்சாரம் போன்ற பொதுச் செலவு) விகிதம் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. ஒரு பொருளைக் ‘கருவி’ என்று கணக்கில் எடுக்கும் வரம்பு 5,000 அமெரிக்க வெள்ளியிலிருந்து 10,000 ஆனது. கூட்டரசுப் பணம் முழுவதையும் ஒன்றாகச் சரிபார்க்கும் ஒற்றைக் கணக்காய்வு கட்டாயமாகும் செலவு வரம்பு 750,000இலிருந்து 1 மில்லியனுக்கு ஏறியது. இந்த மூன்று எண்களும் தேர்வுக் கேள்விக்கு என்றே பிறந்தவை. யாரோ தந்த பழைய குறிப்பை வைத்துப் படிப்பவர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். குறிப்பில் 750,000 என்று இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சிங்கப்பூரில் இது யாருக்கு உதவும்? அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வுப் பணம் வரும் இடங்களுக்கும், அமெரிக்க நிதியில் ஓடும் அனைத்துலகத் தொண்டமைப்புகளின் வட்டார அலுவலகங்களுக்கும். இரண்டுமே சுருங்கிவிட்டன. யுஎஸ்எய்ட் அமைப்பு 2025 ஜூலை 1ஆம் தேதியோடு தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்தியது. எஞ்சியதை வெளியுறவு அமைச்சு எடுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், வெளிநாட்டுத் துணை மானியங்களைப் பழைய முறையில் வழங்கப் போவதில்லை என்று சுகாதாரக் கழகமும் அறிவித்திருந்தது. ஆகவே, உங்கள் வேலையில் பெரும்பங்கு அமெரிக்கக் கூட்டரசுப் பணமாக இருந்தால் எடுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு கோப்புகள்தான் என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விதித்தொகுப்பில் செலவு ஏற்பு விதிகளைப் படித்தால் போதும். கூடவே, மானியம் பெறுவோரைப் பதியும் அமெரிக்க அரசின் சாம் தளத்தில் உங்கள் நிறுவனத்தின் பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் இல்லாததால் நின்ற மானியம் அபூர்வம். அந்தப் பதிவு காலாவதியானால் மானியம் கட்டாயம் நிற்கும்.

ஆய்வு மானியம்: இரண்டுக்கும் இடையே உண்மையான போட்டி

தேர்வு செய்வதற்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் துறை இதுதான். ஒரு பக்கம் ஆய்வு நிர்வாகிகளுக்கான அமெரிக்கச் சான்றிதழ் சிஆர்ஏ. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தை மையமாகக் கொண்ட ஆய்வு நிர்வாகச் சங்கமான ஆர்ம்ஸ் வழங்கும் அங்கீகாரம். ஆர்ம்ஸுக்குச் சிங்கப்பூரில் கிளை உண்டு.

சிஆர்ஏ ஒரே ஒரு பெரிய தேர்வு. 250 கொள்குறி வினாக்கள், நான்கு மணி நேரம். இளங்கலைப் பட்டமும் ஆய்வு நிர்வாகத்தில் மூன்றாண்டு அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லாதவர் கூடுதல் அனுபவம் காட்ட வேண்டும். திட்டம் உருவாக்குதல், சட்டத் தேவைகள், நிதி நிர்வாகம், பொது நிர்வாகம் என்று பாடம் பிரிகிறது. மானியம் கிடைக்கும் முன்புள்ள வேலைக்கு மட்டும் சிபிஆர்ஏ என்றும், நிதிப் பக்கத்துக்கு மட்டும் சிஎஃப்ஆர்ஏ என்றும் சிஆர்ஏவை வழங்கும் மன்றமே தனித்தனிச் சான்றிதழ்களையும் தருகிறது.

ஆர்ம்ஸ் வழி வேறு மாதிரி. பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூறில் கலந்துகொண்டு அதற்கான மதிப்பீட்டை முடிக்க வேண்டும், பிறகு அடுத்தது. வேண்டிய கூறுகள் சேர்ந்ததும் அடிப்படை நிலை அங்கீகாரம், அதற்கு மேல் உயர்நிலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் தேர்வு கிடையாது.

சிஆர்ஏ பாடத்தில் எவ்வளவு இங்கே செல்லும்? விலங்கு ஆய்வு, மனித ஆய்வு பற்றிய பகுதிகளின் தர்க்கம் அப்படியே பொருந்தும், சட்டத்தின் பெயர் மட்டும் மாறும். இங்கே 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது. ஆய்வு நேர்மை பற்றிய பகுதிக்கோ சிங்கப்பூரின் பெயரையே தாங்கிய 2010ஆம் ஆண்டு அறிக்கை உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொருந்தாதது பணப் பகுதி. அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மறைமுகச் செலவு விகிதத்தை அரசோடு பேரம் பேசிப் பெறுகிறது. சிஆர்ஏ பாடத்தில் அதற்கு நல்ல இடம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய ஆய்வு மானியங்களில் நேரடிச் செலவின் மேல் பொதுவாக 30 விழுக்காடு என்று நிதி கொடுப்பவரே வகுத்துவிடுகிறார். பேரமே இல்லாத ஊரில் பேரத்தின் கணக்கைப் படிக்கிறோம். அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமை பற்றிய 1980ஆம் ஆண்டின் பேய்-டோல் சட்டமும் அப்படித்தான். கேள்வி வரும், இங்கே கோப்பில் வராது.

இங்குள்ள அன்றாடச் சிக்கல்களை எந்த வெளிநாட்டுத் தேர்வும் கேட்பதில்லை. ஆய்வு மானிய விண்ணப்பங்கள் ஐஜிஎம்எஸ் என்ற ஒருங்கிணைந்த மானிய நிர்வாகத் தளத்தின் வழியாகப் போகின்றன. ஆய்வுத் தலைவர் ‘சமர்ப்பி’யை அழுத்தியதோடு வேலை முடியவில்லை. அவருடைய நிறுவனத்தின் ஆய்வு அலுவலகம் ஒப்புதல் தந்த பிறகே விண்ணப்பம் நிதி கொடுப்பவரைச் சேரும். கடைசி மணி நேரத்தில் அவர் அழுத்தி, ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் இருந்தால் அந்தச் சுற்று போனதுதான். இரண்டாவது சிக்கல் செலவினத் தலைப்பு மாற்றம். ஆள்பலம், கருவி, இதர இயக்கச் செலவு, வெளிநாட்டுப் பயணம் எனப் பணம் தலைப்பு வாரியாக வருகிறது. ஆராய்ச்சி உதவியாளர் நடுவில் விலகினால் ஆள்பலத் தலைப்பில் மிச்சம் விழும். ஆய்வுத் தலைவர் அதை எடுத்துக் கருவி வாங்கிவிட்டு, அனுமதியைப் பிறகு கேட்பார். பிறகு கேட்டால் கிடைக்காது.

இந்தப் போட்டியில் எங்கள் தீர்ப்பு இது. சிங்கப்பூரிலேயே பணியைத் தொடரப் போகிறவர் ஆர்ம்ஸிலிருந்து தொடங்கலாம். பாடம் நாட்டு விதிகளில் கட்டுண்டு கிடப்பதில்லை. கிளைக் கூட்டங்களில் சந்திப்பவர்கள் நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கக்கூடியவர்கள். நேரமும் இடிக்காது: சிட்னியில் பகல் 2 மணி என்றால் இங்கே நண்பகல், அங்கே கோடைக்கால நேரம் நடந்தால் 11 மணி. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு கூட்டாய்வு நடத்தும் அலுவலகத்தில் இருப்பவருக்கும், இடம்பெயரும் எண்ணம் உள்ளவருக்கும் சிஆர்ஏ கூடுதல் எடை தரும். இரண்டையும் ஒரே ஆண்டில் எடுக்க முயல்வது வீண் வேலை.

அறநிறுவனம், கலைக்குழு, கோயில், சங்கம்

தமிழ் அமைப்புகளில் மானிய வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான். தேசியக் கலைகள் மன்றம், தேசிய மரபுடைமைக் கழகம் போன்றவற்றின் மானியங்களை அவர்ஸ்ஜி மானியத் தளத்தில் கேட்கிறார்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருமுன் வளர்தமிழ் இயக்கத்துக்குத் திட்டம் எழுதுகிறார்கள். பல இடங்களில் எழுதுபவர் தொண்டூழியர். பகல் வேலை வேறு.

இவர்களுக்கு இரண்டு சான்றிதழ்கள் கண்ணில் படும். சிஎஃப்ஆர்இ நிதி திரட்டும் தொழில்முறையாளருக்கானது. தேர்வில் 200 வினாக்கள், நான்கு மணி நேரம். தேர்வுக்கு முன் விண்ணப்பமே ஒரு தடை ஓட்டம். முந்தைய ஐந்தாண்டுகளில் 36 மாதத் தொழில் அனுபவம், கல்விக்கு 80 புள்ளி, தொழில்முறைச் சாதனைக்கு 55 புள்ளி காட்ட வேண்டும். பயிற்சி ஒரு மணி நேரம் என்றால் ஒரு புள்ளி என்பது கணக்கு. கடைசியில் சொன்ன 55 புள்ளியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். திரட்டிய தொகை, நடத்திய திட்டம் இவற்றை வைத்துப் புள்ளி சேர்வதால், மானியத்தை வாங்கிக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அது நிறைவது கடினம். தொண்டூழியராக எழுதுபவர் 36 மாதத் தடையையே தாண்ட முடியாது. அங்கே எண்ணப்படுவது சம்பளத் தொழில்.

ஜிபிசி விண்ணப்பம் எழுதுபவருக்கானது. கொள்குறி வினாக்களோடு எழுத்துப் பகுதியும் உண்டு. கொடுத்த விவரத்தை வைத்து அங்கேயே மானிய விண்ணப்பத்தின் ஒரு பகுதியை எழுதிக் காட்ட வேண்டும். இந்தத் துறையில் எழுத்துத் திறனை நேராகச் சோதிப்பது என்ற அளவில் மதிப்புள்ள தேர்வு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் நேர்முகத்துக்குப் போகிறவர், அதென்ன என்று ஒரு வாக்கியத்தில் விளக்கத் தயாராகப் போவது நல்லது.

இந்த இரு சான்றிதழ்களும் சார்ந்த நெறிமுறைகள் ஒரு விஷயத்தில் கறாரானவை. கிடைக்கும் மானியத்தில் இத்தனை விழுக்காடு என்று கூலி வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் ‘கிடைத்தால் 15 விழுக்காடு தாருங்கள்’ என்று கேட்கும் எழுத்தர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் பெற்றுக்கொண்டு அந்த வழியில் போனால் சான்றிதழே போகும். மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ கட்டணம் பேசுங்கள்.

சிறிய அமைப்புகளுக்கு நேர்மையாகச் சொன்னால் இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் மூன்று இடங்களில் போடலாம். முதலாவது, அறநிறுவனங்களுக்கான ஆளுமை நெறிமுறை, 2023 பதிப்பு. இரண்டாவது, கட்டுப்பாட்டு நிதியை, அதாவது ஒரு நோக்கத்துக்கென்றே தரப்பட்ட பணத்தை, தனியாகக் கணக்கில் காட்டும் முறை. மூன்றாவது, நிதித் திரட்டுச் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி. கட்டுப்பாட்டு நிதியில் நடக்கும் தவறு எங்கும் ஒரே மாதிரி இருக்கும். நாடகத்துக்கு வந்த 20,000 வெள்ளி பொதுக் கணக்கில் விழும். அடுத்த மாதம் அலுவலக வாடகை அதிலிருந்து போகும். ஆண்டு முடிவில் நாடகத்துக்கான செலவுச் சீட்டுகளைச் சேர்த்தால் 16,000தான் வரும். மிச்சத்தை வாடகைச் சீட்டால் நிரப்ப முயல்வார்கள். அந்தக் கணத்தில் எந்தச் சான்றிதழும் கைகொடுக்காது. மானியம் வந்த அன்றே அதற்கென்று ஒரு நிதிக் குறியீடு போட்டிருந்தால் பிரச்சினையே எழுந்திருக்காது. தேசியச் சமூக சேவை மன்றத்தின் சமூக சேவைக் கழகத்தில் சேவை அமைப்புகளுக்கான பயிற்சிகள் நடக்கின்றன. அறநிறுவன ஆற்றல் நிதியிலிருந்து பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெறவும் வழி உண்டு.

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவர்

இங்கே சான்றிதழ் அலங்காரம் இல்லை, நுழைவுச்சீட்டு. எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியத்தில் நிர்வாக ஆலோசகரின் கட்டணத்தைச் செலவாகக் காட்ட வேண்டுமானால், அவர் அந்த அமைப்பு ஏற்கும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நிர்வாக ஆலோசகர்களுக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 680. வர்த்தக ஆலோசகர்கள் மன்றம் வழங்கும் பிஎம்சி, இத்துறையில் பரவலாக அறியப்பட்ட சான்றிதழ். சிஜிஎம்எஸ், ஜிபிசி, திட்ட நிர்வாகத்துக்கான பிஎம்பி எதுவும் இதற்கு ஈடாகாது. இந்த வேலை செய்பவர் மேலே உள்ள பகுதிகளை மறந்துவிட்டு முதலில் இதை எடுக்க வேண்டும். திட்டம் ஓராண்டுக்கு ஓடும் என்றால், சான்றிதழின் காலாவதித் தேதி அந்த ஓராண்டுக்குள் விழுகிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வாடிக்கையாளரும் இதைத்தான் கேட்க வேண்டும். ஆலோசகரின் பெயர் அட்டையில் உள்ள எழுத்துகளை எண்ணிப் பயனில்லை.

மானியத் திட்டங்களின் பெயரும் ஆதரவு விகிதமும் வரவுசெலவுத் திட்டத்துக்கு வரவுசெலவுத் திட்டம் மாறும். மாறாதது கோரிக்கைச் சரிபார்ப்பின் இலக்கணம். சான்றிதழ் இல்லாமலேயே ஒருவரை நல்ல மானிய நிர்வாகியாக்குவது இந்த இலக்கணம்தான். ஓர் எடுத்துக்காட்டு: 50 விழுக்காடு ஆதரவுள்ள ஒரு திட்டம், விற்பனையாளர் அனுப்பிய சிட்டை 10,900 வெள்ளிக்கு. நிறுவனம் 5,450 வெள்ளி கோருகிறது. தவறு. அதில் 900 வெள்ளி பொருள், சேவை வரி. தகுதிச் செலவு வரி நீங்கலாக 10,000தான். கிடைக்க வேண்டியது 5,000. அடுத்து தேதி. விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ முன்பணம் கட்டினாலோ அந்தச் செலவு விழுந்துவிடும். விலைப்புள்ளி, ஒப்பந்தம், சிட்டை, பணம் போன வங்கிப் பதிவு என்ற நான்கு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, மானிய ஒப்புதல் கடிதத்தில் உள்ள தகுதிக் காலத்தோடு ஒப்பிட வேண்டும். வங்கிப் பதிவில் பணம் கட்டியவர் பெயர் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். இயக்குநர் தன் சொந்த அட்டையில் கட்டிவிட்டு, பிறகு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தால் கணக்காய்வாளர் நிறுத்துவார். விற்பனையாளர் இயக்குநரின் மைத்துனரின் நிறுவனமாக இருந்தாலும் அப்படியே.

பொதுவான இரண்டு: பிஎம்பி, பட்டயக் கணக்காளர்

மானியத்தை விட்டு வேறு வேலைக்குப் போகும் எண்ணம் பாதி மனதில் இருந்தால் பிஎம்பி பாதுகாப்பான பந்தயம். எல்லா முதலாளிகளுக்கும் தெரிந்த பெயர். நான்காண்டுப் பட்டத்தோடு 36 மாதத் திட்ட அனுபவம், பட்டம் இல்லையென்றால் 60 மாதம், 35 மணி நேரப் பயிற்சி என்பவை நுழைவுத் தகுதிகள். மானியத் திட்டம் ஒவ்வொன்றும் தொடக்கமும் முடிவும் உள்ள திட்டம்தான் என்பதால் அனுபவம் காட்டுவதில் சிரமம் இருக்காது. ‘விண்ணப்பங்களை நிர்வகித்தேன்’ என்று எழுதாமல், இன்ன திட்டத்தில் காலவரிசை வகுத்தேன், செலவைக் கண்காணித்தேன், மாற்றத்துக்கு அனுமதி பெற்றேன் என்று திட்டம் திட்டமாக எழுதுங்கள். அன்றாட அலுவல் வேலையாகத் தெரிந்தால் கணக்கில் சேராது.

நிதிப் பக்கத்தில் ஏற்கெனவே கணக்காளராக இருப்பவருக்கு மானியச் சான்றிதழ் எதுவும் பெரிதாகக் கூட்டித் தராது. சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் தகுதி எல்லாவற்றையும் விட எடை கூடியது. அதற்கான தொடர்கல்வி நேரத்தில் அறநிறுவனக் கணக்கியல், மானியக் கணக்காய்வு வகுப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் பக்கத்து அதிகாரிகளுக்கு ஒரு துணைக் குறிப்பு. தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தின் ஆண்டறிக்கை ஜூலை வாக்கில் வெளிவருகிறது. மானிய நிர்வாகத்தில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை. காசும் கிடையாது.

தக்கவைப்பது

தேர்வுக் கட்டணம் ஒருமுறை. தக்கவைப்பு ஆண்டுக்கணக்கில். இங்கே எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். சிஆர்ஏ ஐந்தாண்டுக்கு 80 மணி நேரம் கேட்கிறது, ஆண்டுக்கு 16. சிஎஃப்ஆர்இ மூன்றாண்டுக்கு 45 கல்விப் புள்ளி, ஆண்டுக்கு 15. பிஎம்பி மூன்றாண்டுக்கு 60, ஆண்டுக்கு 20. பட்டயக் கணக்காளருக்கு மூன்றாண்டுக்கு 120, ஆண்டுக்கு 40.

வெறும் எண்ணைப் பார்த்தால் சிஎஃப்ஆர்இ இலகுவாகத் தெரியும். அதுதான் இவற்றில் கடினமானது. கல்விப் புள்ளியோடு, அந்தக் காலத்தில் நிதி திரட்டும் தொழிலில் இருந்ததையும் செய்த வேலையையும் மறுபடி காட்ட வேண்டும். மகப்பேறு விடுப்பு, வேலை மாற்றம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு இடைவெளி ஆகியவை எல்லாம் அந்தக் கணக்கைத் தொடும். பிஎம்பியில் அந்தத் தொல்லை குறைவு. 60இல் குறைந்தது 35 கல்வியாகவும், அந்த 35இல் மூன்று திறன் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8ஆகவும் இருக்க வேண்டும். எஞ்சியதில் 25 வரை, வேலை பார்ப்பதும் தொண்டு செய்வதுமாகச் சேர்க்கலாம். பலர் 60ஐச் சேர்த்துவிட்டு ஒரு பிரிவில் 8க்குக் குறைவாக வைத்திருப்பார்கள். தவணை தவறினால் ஓராண்டு இடைநிறுத்தம், அதற்குள்ளும் சேர்க்காவிட்டால் தேர்வு மறுபடி முதலிலிருந்து.

அமெரிக்கச் சங்கங்களின் நேரலை வகுப்புகள் கிழக்குக் கரை நேரம் பிற்பகல் 2 மணிக்கு என்றால் சிங்கப்பூரில் விடியற்காலை 2 மணி, குளிர்காலத்தில் 3. பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பல வகுப்புகளில் நடுவே வரும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொன்னால்தான் வருகைச் சான்று கிடைக்கும். பதிவைப் பார்த்ததற்கு மணி நேரம் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் உள்ளூர் வகுப்புகளை வைத்தே கணக்கை நிரப்புவது நல்லது. பாடம் சான்றிதழின் பாடப்பரப்புக்குள் வந்தால் போதும், வகுப்பு அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தேதி, வகுப்பின் தலைப்பு, நடத்தியவர், எத்தனை மணி, எந்தப் பாடப்பிரிவு, சான்று எந்தக் கோப்பில். மூன்று நாள் மாநாட்டுக்குப் போனால் மூன்று எட்டு இருபத்துநான்கு என்று எழுதக் கூடாது. நீங்கள் உட்கார்ந்த அமர்வுகள் மட்டும். மதிய உணவும் வரவேற்பும் கழியும். நிகழ்ச்சி நிரலையும் சேர்த்து வையுங்கள். சான்றில் மணி நேரம் போடாமல் விட்டிருப்பார்கள், அப்போது நிரல்தான் சாட்சி. சக ஊழியரின் கணக்கில் நுழைந்து ஒரே திரையில் நால்வர் பார்த்தால் ஒருவருக்குத்தான் சான்று. அலுவலக மின்னஞ்சலில் எல்லாவற்றையும் வைத்திருந்துவிட்டு வேலை மாறினால், முந்தைய இரண்டாண்டுச் சான்றுகள் அந்தப் பெட்டியோடு போய்விடும். சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

பணமும் பெயரும்

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பயிற்சிகளுக்கே செல்லும். 40 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் தரப்பட்ட 4,000 வெள்ளி, இன்னும் குறுகலான பட்டியலுக்கு உரியது. ஆகையால் வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டுவதாகவே கணக்குப் போடுங்கள். பிஎம்பிக்கான 35 மணி நேரப் பயிற்சியை உள்ளூர் அங்கீகாரம் பெற்ற வகுப்பாகத் தேர்ந்தெடுத்தால் அங்கே மிச்சம் பிடிக்கலாம். பயிற்சிக் கட்டணத்துக்கான வருமான வரி நிவாரணம் 2026 மதிப்பீட்டாண்டு முதல் இல்லை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதலாளி கட்டுகிறார் என்றால் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாதப் பிணைப்பு? புதுப்பிப்புக் கட்டணமும் அவருடையதா? முதல் ஆண்டைக் கட்டிவிட்டு மூன்றாம் ஆண்டில் கைவிரிக்கும் அலுவலகங்கள் உண்டு.

கடைசியாகப் பெயர். தமிழர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டுப் பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். உங்கள் அடையாள அட்டையில் ‘குமரன் எஸ்/ஓ வேலு’ என்று இருக்கும். சாய்கோட்டைப் படிவம் ஏற்காது. ஒருவர் ‘வேலு’வைக் குடும்பப்பெயராகப் போடுவார், இன்னொருவர் ‘குமரன்’ என்பதையே இரண்டு கட்டத்திலும் போடுவார். தேர்வு நாளில் கண்காணிப்பாளர் கடப்பிதழையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் உள்ளே விடமாட்டார். கட்டணமும் திரும்பாது. தேதி பதியும் முன்பே கடப்பிதழில் பெயர் எப்படி இருக்கிறது என்பதைத் தட்டச்சிட்டு, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று சான்றிதழ் அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வந்த பதிலை அச்செடுத்துத் தேர்வுக்குக் கொண்டுபோங்கள். அதே வடிவத்தையே தொடர்கல்விச் சான்றுகளிலும் கேட்டு வாங்குங்கள். ஒரு சான்றில் ‘வி. குமரன்’, இன்னொன்றில் ‘குமரன் வேலு’ என்று இருந்தால், புதுப்பிப்பைத் தணிக்கை செய்பவர் இரண்டும் ஒருவர்தானா என்று கேட்டு எழுதுவார். அதற்குப் பதில் அனுப்பவும் தவணைத் தேதி உண்டு.